பைக் ஓட்டுகிறவர் துப்பாக்கி உறையை எங்கே கட்டுவது?

குவாரிக்காரர், மாம்பழ மண்டிக்காரர், நகைக்கடைக்காரர், ஓய்வுபெற்ற ராணுவத்தார் என்று லைசென்ஸ் ரிவால்வரோ பிஸ்டலோ வைத்திருப்பவர்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் உண்டு. காரில் போகும்போது யாருக்கும் பெரிய தொந்தரவில்லை. அதே ஆள் பர்கூர் குவாரிக்கோ அரூர் தோட்டத்துக்கோ பைக்கை எடுத்தால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வாங்கிய உறை, வண்டியில் உட்கார்ந்ததும் விலாவில் குத்தும். இல்லையென்றால் தொடையில் இடிக்கும், அல்லது சட்டை பறந்து பிடி வெளியே தெரியும். இடுப்பு மடங்கியதும் வயிறு முன்னால் வருகிறது, பெல்ட் பின்பக்கம் மேலே ஏறுகிறது. நின்றபடி எடுத்த அளவு எதுவும் அங்கே செல்லாது.

உறையைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர், "அவசரத்துக்கு டக்குனு எடுக்க வரணும்ல?" என்பார். பைக்கைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியையே விட்டுவிடலாம். வலது கை ஆக்ஸிலேட்டரிலும் முன் பிரேக்கிலும் இருக்கிறது, இடது கை கிளட்சில். ஓடுகிற வண்டியில் துப்பாக்கியைத் தொடவே கூடாது. ஆபத்து என்று தோன்றினால் முறுக்கிக்கொண்டு அங்கிருந்து போவதுதான் ஒரே வழி. ஆகவே பார்க்க வேண்டியவை வேறு: ட்ரிகர் எந்த நேரமும் மூடியே இருக்கிறதா, பள்ளத்தில் தூக்கிப் போட்டாலும் துப்பாக்கி உறையிலேயே நிற்கிறதா, விழுந்தால் அந்த இரும்பு உடம்பில் எந்த எலும்பில் மோதும். வசதி என்பதையும் இந்தக் கணக்குக்குள்தான் தேட வேண்டும். குத்துகிற உறையைச் சரிசெய்ய ஓட்டுகிறவரின் கை தன்னையறியாமல் அங்கே போகும். ஒற்றைக் கையில் வண்டி ஓடும் அந்த இரண்டு விநாடிதான் கெட்ட நேரம்.

இடம் இடமாக

உறை கட்டும் இடத்தைக் கடிகார மணியில் சொல்வது வழக்கம். தொப்புள் 12 மணி, வலது இடுப்பு 3, முதுகுத்தண்டு 6, இடது இடுப்பு 9. இங்கே சொல்வதெல்லாம் வலதுகைக்காரருக்கு. இடதுகைக்காரர் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஸ்டாண்டும் சைலன்சரும் திரும்பாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

முதலில் 6 மணி, அதாவது நடுமுதுகு. சட்டைக்கடியில் நன்றாக மறையும், உட்காரும்போது குத்தாது, அதனால் பலருக்குப் பிடிக்கிறது. பைக்கில் இதைக் கட்டவே கூடாது. மல்லாக்க விழுந்தால் உடம்பின் மொத்த எடையும் முதுகுத்தண்டுக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே இருக்கும் ஓர் இரும்புக் கட்டியின்மேல் இறங்கும். வேறு எந்த வசதியும் இதற்கு ஈடாகாது.

3 மணி, நாம் எல்லோரும் பழகிய இடம். நின்றால் அருமை. பைக்கில் ஏறும்போதே இடைஞ்சல் செய்யும்: சைடு ஸ்டாண்ட் இடப்பக்கம் இருப்பதால் வலது காலைத்தான் தூக்கிப் போடுகிறோம், பின்சீட்டில் கட்டிய மூட்டையிலோ கேரியர் கம்பியிலோ உறையின் அடிப்பகுதி மாட்டும். கிக்கர் அடிக்கிற வண்டியானால் முழங்கால் மேலே வரும் ஒவ்வொரு முறையும் உறை இடித்து, பெல்ட்டைத் தூக்கும். விழுந்தால் இடுப்பெலும்பின் மேட்டில் நேராக அடி. செல்ஃப் ஸ்டார்ட் வண்டி, குட்டைக் குழல், பின்னால் ஆள் இல்லை என்றால் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

அதைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி 4, 4.30 மணியில் கட்டுபவர்கள் அதிகம். முன்னால் குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் உட்கார இது சுகமாக இருக்கும். ஆனால் குனிந்தால் சட்டை முதுகில் மேலேறும், பிடி பின்னால் வருகிற லாரிக்காரருக்கெல்லாம் தெரியும். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலும் கையும் அங்கேதான் இருக்கும். உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில், வேறொருவர் கைக்கு எட்டும்படி ஒரு துப்பாக்கி.

1 மணி, வயிற்றின் வலது முன்பக்கம், பேன்ட்டுக்குள் செருகுவது. உட்கார்ந்தால் குழல் முனை தொடை இடுக்கைப் பார்த்திருக்கும். தொடையின் பெரிய ரத்தக்குழாய் போகும் பாதை அது. சடன் பிரேக் அடித்தால் உடம்பு முன்னால் வழுக்கிப் பெட்ரோல் டேங்கில் இடிக்கும், நடுவே துப்பாக்கி. கணுக்காலில் கட்டுவதைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை: இடது காலில் கியர், வலது காலில் பிரேக்கும் சைலன்சர் சூடும், மழை வந்தால் இரண்டிலும் சேறு.

பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது இடது முன்பக்கம், 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், பிடி வலது கையைப் பார்த்தபடி கட்டும் குறுக்கு உறைதான். ஏறும்போது வலது கால் தாராளமாகப் போகும், கிக்கர் இடிக்காது, பின்னால் இருப்பவர் முழங்கால் படாது, உங்கள் இடது முன்கையால் உரசிப் பார்த்தே துப்பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் அரை அங்குலம் தள்ளினாலும் இதன் சுகம் போய்விடும், அதனால் அளவைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டியில் உட்கார்ந்தபடியே இடது இடுப்பெலும்பின் முன்முனையை விரலால் தொட்டுக் கண்டுபிடியுங்கள். உறையின் வெளி விளிம்பு அதிலிருந்து இரண்டு விரற்கடையாவது வயிற்றுப் பக்கம் தள்ளி இருக்க வேண்டும். எலும்பின்மேலேயே வந்தால் பாலக்கோடு தாண்டுவதற்குள் மரத்துப்போகும். அடுத்தது உயரம். ட்ரிகர் கார்டு, அதாவது ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம், பெல்ட்டின் உயரத்துக்கு வரும்படி உறை மேலே நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் உறையின் அடி தொடை மடிப்பில் முட்டி, துப்பாக்கியை மேலே தள்ளும், பிடி விலாவில் குத்தும். விலாவில் வலிக்கிறது என்று உறையை இன்னும் கீழே இறக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வலி மேலே இருந்தாலும் காரணம் கீழே இருக்கிறது. மூன்றாவது சாய்வு: பிடி வலப்பக்கம் சாய, குழல் முனை தொடையைத் தாண்டி வெளியே போகும்படி 20 முதல் 30 டிகிரி. நேராகத் தொங்கினால் முனை உங்கள் தொடையைத்தான் பார்க்கும்.

இதெல்லாம் 3 அங்குலக் குழலுக்கு. 4 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் உட்கார்ந்த இடுப்பில் அதற்கு இடமில்லை. தொப்பை உள்ளவர்களுக்கு 11 மணி ஒத்துவராது, 10 மணிக்கு நகர்த்த வேண்டும். அப்போதும் பிடி வயிற்றை அமுக்கினால் இந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது. குறுக்கு உறையில் இன்னொரு குறை உண்டு: வெளியே எடுக்கும்போது குழல் முனை இடது கையையும் இடப்பக்கம் நிற்பவரையும் கடந்துதான் வரும். அதனால்தான் பல சுடுதளங்களில் இதற்கு அனுமதி தருவதில்லை. வீட்டில் கழற்றும்போதும் துப்பாக்கியை உருவாமல், உறையோடு பெல்ட்டிலிருந்து எடுக்கிற மாதிரி கிளிப்போ பட்டனோ உள்ள உறையாகப் பாருங்கள்.

இடுப்பு ஒத்துவராதவர்களுக்கு மார்புப் பட்டை இருக்கிறது. நான்கு வார், மார்பின் நடுவே சற்று இடப்பக்கம் உறை, பனியனுக்கு மேலே, ஜாக்கெட்டுக்கு உள்ளே. மூச்சை முழுக்க இழுத்தபடி வாரை இறுக்க வேண்டும். விட்டபடி இறுக்கினால் தொப்பூர் கணவாய் போவதற்குள் மூச்சு முட்டும். குளிர்காலத்தில் ஓசூர், தளிப் பக்கம் இது சொர்க்கம். ஏப்ரல் மாதத் தர்மபுரி வெயிலில் ஜாக்கெட்டுக்குள் இதைப் போட்டுப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை போடுவதில்லை. அக்குளில் தொங்கும் தோள் உறையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். படுக்கைவசமாக மாட்டும் தோள் உறையில் குழல் முனை நேரே பின்னால் உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சைப் பார்க்கும்.

வெயில் காலத்துக்கு இடுப்புப் பை. துப்பாக்கிக்கென்று தனி அறை, அதற்குள் ட்ரிகரை மூடும் கெட்டியான உறை, அந்த அறையில் சாவி, சில்லறை, போன் எதுவும் கூடாது. சாவி வளையம் ட்ரிகர் கார்டுக்குள் நுழைவதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவையில்லை. பையின் பலவீனம் டீக்கடையில் தெரியும்: கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு வடை எடுக்கப் போகிறவர் பை கட்டவே கூடாது.

டேங்க் பேக், சைடு பாக்ஸ், சீட்டுக்கடி மூன்றும் வேண்டாம். விழுந்தால் நீங்கள் ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம். நிறுத்தினால் பூட்டு உடைபட ஒரு ஸ்குரூடிரைவர் போதும். ஆயுத விதிகள் 2016-ம் இதைத்தான் சொல்கிறது: பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ அதற்கேற்ற பையிலோ இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

வேட்டி கட்டிக்கொண்டு எக்ஸ்எல் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அகலமான பச்சைப் பெல்ட்டின் பாக்கெட்டில் ரிவால்வரைச் செருகும் பழக்கம் ஆபத்து. அந்தத் துணிப் பாக்கெட் ட்ரிகரை மூடாது, மூடினாலும் துணியோடு சேர்ந்து அழுந்தும். வேட்டிக்குள் அரைக்கால் சட்டை போட்டு அதில் சரியான பெல்ட்டும் உறையும் கட்டுங்கள். முடியாதென்றால் துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும். குழந்தையை டேங்கின்மேல் உட்கார வைத்துப் போகிற நாளிலும் இதே பதில்தான். இடுப்பிலோ மார்பிலோ முன்பக்கம் எங்கே கட்டினாலும் குழந்தையின் முதுகு அங்கேதான் சாயும்.

பெல்ட், தோல், திருகு

உறையில் குறை சொல்கிறவர்களில் பாதிப்பேரின் குறை உண்மையில் பெல்ட்டில் இருக்கும். சாதாரண ஃபார்மல் பெல்ட் அரைக் கிலோ இரும்பைத் தாங்காமல் முறுக்கிக்கொள்ளும், உறை வெளிப்பக்கம் சாயும். 38 மி.மீ. அகலம், இரண்டு தோலை ஒட்டித் தைத்தது, கையால் திருகினால் வளையாதது வேண்டும். உறையின் பெல்ட் துளையும் அதே 38 மி.மீ. இருக்க வேண்டும். அகலத் துளையில் குறுகிய பெல்ட் போட்டால் வண்டி குலுங்கும்போதெல்லாம் உறை மேலும் கீழும் ஆடும்.

தோல் உறை தைத்துக்கொள்ள நமக்கு அலைச்சல் இல்லை, வாணியம்பாடியும் ஆம்பூரும் பக்கத்திலேயே இருக்கின்றன. கேட்டு வாங்க வேண்டியது தாவரப் பதனீட்டுத் தோல், 3 முதல் 3.5 மி.மீ. தடிமன். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட வகை. செருப்பு மேல்தோலுக்குப் பயன்படும் மெத்தென்ற குரோம் தோல் உருவம் பிடிக்காது, இரும்பையும் அரிக்கும். வாயைச் சுற்றி இன்னொரு பட்டைத் தோல் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வாய் தளர்ந்த பழைய உறையில், மடிந்த தோல் முனை ட்ரிகர் கார்டுக்குள் புகுந்து, துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது ட்ரிகரை அழுத்திவிடும். வாய் தொய்ந்த உறையைத் தூக்கிப் போட வேண்டியதுதான், பழுது பார்க்க முடியாது.

கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்கு வியர்வை ஒரு பொருட்டல்ல. ஆனால் அது திருகுகளால் நிற்கிறது, பைக்கின் அதிர்வு திருகைத் தளர்த்தும். புல்லட் வண்டியில் இன்னும் சீக்கிரம். திருகுகளைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு வைத்து முறுக்கி, ஒரு நாள் காயவிட வேண்டும். சிவப்பு நிறப் பசை வேண்டாம், பிறகு சூடுபடுத்தாமல் கழற்ற வராது, சூட்டில் பிளாஸ்டிக் கோணும். திருகுத் தலையிலிருந்து உறைக்குக் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வைத்தால், கோடு விலகியிருப்பதைப் பார்த்தே தளர்ந்தது தெரிந்துவிடும்.

எந்த வகையானாலும் பைக்குக்குக் கட்டைவிரலால் திறக்கும் பட்டையோ முழு மூடியோ கட்டாயம். உறையின் இறுக்கத்தை மட்டும் நம்பிப் பட்டை இல்லாமல் போவது காருக்குச் சரி.

ஜாக்கெட்டில் கவனிக்க வேண்டியது கீழ் ஓரம். எலாஸ்டிக் வைத்த குட்டை ஜாக்கெட் பிடிக்கு மேலே சுருண்டு நின்றுகொண்டு, மறைக்க வேண்டியதையே காட்டிக்கொடுக்கும். உறையின் அடிக்குக் கீழே நான்கு விரற்கடையாவது இறங்கும் நேர் ஓர ஜாக்கெட், மேலும் கீழும் திறக்கும் ஜிப், இவை இருந்தால் போதும். வெறும் சட்டையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்று என்ன செய்யும் என்பது தெரிந்ததே. ஓரத் தையலுக்குள் மீன் வலைக்குப் போடும் சிறு ஈயக்குண்டு இரண்டை வைத்துத் தைப்பது பழைய உபாயம், இன்றும் வேலை செய்கிறது.

சோதித்துப் பார்ப்பது

தோட்டாவை எல்லாம் எடுத்து வேறு அறையில் வையுங்கள். ரிவால்வரின் சிலிண்டரை (தோட்டாக்கள் நிற்கும் சுழல் உருளை) அல்லது பிஸ்டலின் சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் அறை) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுக் காலி என்று உறுதி செய்யுங்கள். உறைக்குள் போட்டுப் பட்டையை மாட்டி, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள். பிறகு பட்டையைத் திறந்து விட்டு மெதுவாக உதறுங்கள், அப்போதும் விழக்கூடாது. உறையின் வெளியிலிருந்து ட்ரிகர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். உள்ளே எதுவும் அசைவது தெரிந்தால் அந்த உறை வேண்டாம்.

அடுத்து வீட்டு வாசலுக்குள்ளேயே வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு உட்காருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள், கிக்கரை மிதியுங்கள், இரண்டு தோளுக்கு மேலாகவும் திரும்பிப் பாருங்கள், டேங்கில் வயிறு படும் அளவு குனியுங்கள், பிறகு ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இடது காலை மட்டும் தரையில் ஊன்றி வண்டியைச் சாய்த்துப் பாருங்கள். மழைக்கோட்டுப் பேன்ட்டைப் போட்டும் ஒருமுறை செய்து பாருங்கள், அதன் எலாஸ்டிக் பெரும்பாலும் சரியாகப் பிடியின்மேல்தான் வந்து உட்காரும். எல்லாம் சரியென்றால் அதே எடைக்கு ஏதாவது ஒன்றை உறையில் வைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். முதல் பத்து நிமிடத்தில் எந்த இடமும் வலிக்காது, அதற்குப் பிறகுதான் உறை தன் குணத்தைக் காட்டும்.

தோட்டா நிரப்புவதில் பைக்குக்குத் தனி ஒழுங்கு வேண்டும். பிஸ்டல் என்றால் மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு) நிரம்பியிருக்கலாம், சேம்பர் காலியாக இருக்கட்டும். தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியான ஹேமர் உள்ளே மறைந்திருக்கும் பிஸ்டல்களில் அது பின்னுக்கு இழுபட்டுத் தயாராக நிற்கிறதா என்பது வெளியே தெரியாது என்பதால் இது இன்னும் முக்கியம். அப்பா, தாத்தா காலத்து ரிவால்வர்கள் பலவற்றில் ஹேமரைத் தடுக்கும் பூட்டு கிடையாது. ஹேமர்மேல் அடி பட்டால் வெடிக்கும். அவற்றில் ஹேமருக்கு நேரே உள்ள சிலிண்டர் அறையைக் காலியாக விட வேண்டும்.

வழியில்

ஓசூரிலிருந்து ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். லைசென்ஸில் எந்த எல்லை எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அத்திப்பள்ளிக்குப் பெட்ரோல் போடப் போவதுகூடச் சட்டப்படி குற்றமாகலாம். குப்பம் பக்கம் ஆந்திர எல்லைக்கும் இதுவே. அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் சாலை சுற்றுலாக்காரர்களுக்கு அழகான சாலை, துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அல்ல. அந்தக் காடுகளில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது. முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 தடை செய்கிறது. நாட்டுத் துப்பாக்கி நடமாட்டத்தால் அந்தப் பக்கச் சோதனையும் கடுமை. லைசென்ஸ் இருக்கிறது என்பது வனத்துறைக்குப் பதிலாகாது. தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், அப்போது உறையே வேலையில்லாமல் கிடக்கும்.

லைசென்ஸ் புத்தகம், ஆர்.சி., பணம் எல்லாம் துப்பாக்கி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், மேல் பாக்கெட்டில் இருக்கட்டும். குறுக்கு உறைக்காரர் என்றால் வலது மேல் பாக்கெட். சோதனையில் நிறுத்தினால் இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க, "சார், லைசென்ஸ் துப்பாக்கி இடப்பக்கம் இடுப்புல இருக்கு, பேப்பர் வலது பாக்கெட்ல இருக்கு, எடுக்கட்டுமா?" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்கள் பார்ப்பதற்கு முன் நீங்கள் சொல்வது ஒரு விதம், ஜாக்கெட் விலகி அவர்களாகப் பார்ப்பது வேறு விதம்.

வழியில் கழிப்பறைக்குப் போவதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. குத்தவைக்கும்போது பெல்ட் தளர்ந்தால் இடுப்பு உறை கவிழும். பெல்ட்டை அவிழ்த்ததும் கொக்கியை மீண்டும் பூட்டி, உறையோடு அதை முழங்காலுக்கு மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கியை உருவிச் சன்னல் திட்டில் வைக்கக் கூடாது. வைத்துவிட்டு மறந்து வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

விழுந்துவிட்டால் உடனே இடுப்பைத் தடவ வேண்டாம். முதலில் ரோட்டிலிருந்து ஓரத்துக்கு வர வேண்டும், தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வரும் லாரி நிற்காது. நினைவு இருந்தால் உதவிக்கு வருபவரிடமும் 108 ஊழியரிடமும் துப்பாக்கி இருப்பதைச் சொல்லுங்கள். உருவாமல், பெல்ட்டோடும் உறையோடும் சேர்த்துக் கழற்றிப் போலீஸ் வரும்வரை ஒருவர் பொறுப்பில் வைக்கச் சொல்லுங்கள். இதையே நான்கு வரியில் எழுதி லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்திருந்தால் நினைவு இல்லாத நேரத்துக்கு ஆகும். உறை காலியாக இருந்தால் தேடுவதோடு நிற்காமல் அருகில் உள்ள ஸ்டேஷனுக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும். அடிபட்ட உறையையும் துப்பாக்கியையும் ஆயுதப் பணிமனையில் காட்டாமல் மறுபடி கட்ட வேண்டாம்.

வீடு வந்து உறையோடு கழற்றிய பிறகு, துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து வையுங்கள். வியர்வை ஊறிய தோலுக்குள் ஒரு இரவு கிடந்தாலே கறுப்புப் பூச்சில் துரு புள்ளி வைக்கும். குவாரி ரோட்டில் போய்வந்தால் கிரானைட் தூசி எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அராவும், ஆகவே எண்ணெய் மெல்லிய பூச்சாக இருக்கட்டும், வழிய வேண்டாம். தோட்டாவில் எண்ணெய் படவே கூடாது, அடியில் உள்ள பிரைமருக்குள் (அடி பட்டதும் பொறி எழுப்பும் மருந்து) இறங்கினால் வெடிக்காமல் போகும். நனைந்த தோல் உறையை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் சுருங்கி, அடுத்த நாள் துப்பாக்கி பாதிதான் இறங்கும். நிழலில், செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்துக் காயவிட வேண்டும்.